நோட்டை மூலைவாட்டில் திருப்பியபோது: செயின்மெயிலில் உருவம் பின்னுவது

அக்கா மகள் பள்ளியில் சேர்ந்த வருஷம் அவளுக்கு ஒரு 'அ' செய்து கொடுக்க ஆசைப்பட்டேன். மரத்தில் இல்லை, துணியில் இல்லை, செயின்மெயிலில். சின்னச் சின்ன உலோக வளையங்களை ஒன்றுக்குள் ஒன்றாகக் கோத்துப் பின்னுவது அது. அந்தக் காலத்துப் போர்வீரர்கள் சட்டையாகப் போட்டுக்கொண்டார்களே, அதே பின்னல்தான். வெள்ளை அலுமினிய வளையங்களுக்கு நடுவில் செம்பு வளையங்களால் எழுத்து. அகலத்துக்கு 50 வளையம், உயரத்துக்கு 65 வரிசை, ஆக மொத்தம் 3,250. மூன்று மாத ராத்திரிகள். மேசையில் விரித்தபோது 34 சென்டிமீட்டர் சதுரம், எழுத்தும் ஓரளவுக்கு எழுத்தாகவே தெரிந்தது. மேல் விளிம்பில் ஒரு கம்பியைச் செருகிச் சுவரில் மாட்டினேன். மாட்டியதும் அகலம் 30 சென்டிமீட்டருக்குக் கீழே ஒடுங்கி, உயரம் 36-க்கு நீண்டுவிட்டது. 'அ' ஒல்லியாகி, அதன் சுழி அடைபட்டு, வலப்பக்கத்து நேர்கோடு ரம்பப் பல் மாதிரி நெளிந்து, எழுத்து இருந்த இடம் மட்டும் கனத்தில் கொஞ்சம் தொங்கி நின்றது.

அதை நான் கொடுக்கவில்லை. எங்கே தப்பு என்று தேட ஆரம்பித்து, தேடியதில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் செயின்மெயில் பின்னுவதைப் பற்றிச் சொல்லித்தர நிறையப் பேர் இருக்கிறார்கள், அதில் உருவத்தை எப்படித் திட்டமிடுவது என்று தமிழில் நான் தேடியபோது ஒன்றும் கிடைக்கவில்லை.

இதை இன்லே, பதிப்பு வேலை என்றெல்லாம் சொன்னாலும், மரத்தைக் குடைந்து தந்தத்தை வைத்து இழைக்கிற மாதிரி இதில் எதையும் பதிப்பது கிடையாது. ஒரு வளையம் இருக்கவேண்டிய இடத்தில் வேறு நிற வளையம் இருக்கிறது, அவ்வளவுதான். அந்த வளையமும் மற்றவற்றைப் போலவே பாரத்தைத் தாங்கவேண்டும், பக்கத்து வளையங்களோடு சேர்ந்து அசையவேண்டும், அதே அளவில் இருக்கவேண்டும். உருவமும் துணியும் வேறு வேறு இல்லை என்பதால், துணி எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று புரியாமல் உருவத்தை யோசிக்கவே முடியாது. நான் அதைத்தான் செய்திருந்தேன்.

நான் பின்னுவது ஐரோப்பிய நாலுக்கு-ஒன்று என்று சொல்லப்படும் பின்னல், உலகத்தில் மிக அதிகமாகப் பின்னப்பட்டது. ஒவ்வொரு வளையமும் நாலு வளையங்களைக் கோத்திருக்கும்: மேல் வரிசையில் இரண்டு, கீழ் வரிசையில் இரண்டு. இதில் ரொம்ப நாள் நான் கவனிக்காமலே இருந்த விஷயம் ஒன்று உண்டு. ஒரே வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வளையங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருக்கலாம், ஆனால் கோத்திருக்காது. கோப்பு எல்லாமே மூலைவாட்டில். ஒரு வரிசை முழுக்க ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், அடுத்த வரிசை எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும், ஒவ்வொரு வரிசையும் முந்தைய வரிசையைவிட அரை வளையம் தள்ளி நிற்கும்.

அந்த அரை வளையத்தை நான் கணக்கில் எடுக்கவில்லை. நீள அகலத்தை அளந்து, வளையத்துக்கு ஏற்ற விகிதத்தில் செவ்வகக் கட்டங்கள் போட்டு, அதில் 'அ' வரைந்திருந்தேன். கட்டம் ஒன்றன்கீழ் ஒன்று நேராக இறங்கியது. வளையம் அப்படி இறங்காது.

இதைக் கண்டுபிடித்தது அம்மா. மார்கழி மாசம், வாசலில் போட வேண்டிய கோலத்தை முதல் நாள் ராத்திரியே நோட்டில் போட்டுப் பார்ப்பது அம்மாவின் வழக்கம். நான் பக்கத்தில் உட்கார்ந்து அந்த 'அ'-வைப் பிரித்துக்கொண்டிருந்தேன். கையில் இருந்த துண்டை வாங்கி விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஏஞ்சாமி, இது இடுக்குப் புள்ளியாச்சே, நீ எதுக்கு நேர்ப்புள்ளி நோட்டுல போட்டுட்டு இருக்கே?" என்று கேட்டார்.

கோலம் போடத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நேர்ப்புள்ளி என்றால் புள்ளிக்கு நேர் கீழே புள்ளி. இடுக்குப் புள்ளி என்றால் இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் இருக்கிற சந்தில் அடுத்த வரிசைப் புள்ளி. சில ஊர்களில் ஊடுபுள்ளி, சந்துப்புள்ளி என்பார்கள். '15 புள்ளி, 8 வரை' என்று கோலப் புத்தகத்தில் போட்டிருந்தால் நடு வரிசையில் 15, அப்புறம் மேலும் கீழும் 14, 13 என்று ஒவ்வொன்றாகக் குறைந்து 8-ல் முடியும். என் கையிலிருந்த செயின்மெயிலும் அச்சாக அதேதான். அம்மாவுக்கு அது பார்த்தவுடன் தெரிந்தது, ஏனென்றால் அம்மாவின் கண் அம்பது வருஷமாகப் புள்ளிகளை இப்படி எண்ணிப் பழகிய கண்.

அன்றைக்கு ராத்திரி நான் செய்த வேலை ஒன்றே ஒன்றுதான், கட்டம் போட்ட கணக்கு நோட்டை மூலைவாட்டில் திருப்பி வைத்தேன். சதுரங்கள் எல்லாம் சாய்சதுரங்களாக நின்றன. இப்போது ஒவ்வொரு சதுரமும் ஒரு வளையம். அது பக்கம் ஒட்டியிருக்கும் நாலு சதுரங்கள்தான் அது கோத்திருக்கும் நாலு வளையங்கள். மூலை மட்டும் தொடுவது, ஒரே வரிசையில் உள்ள கோக்காத பக்கத்து வளையம். தனியாக மென்பொருள், அறுகோணக் கட்டத் தாள் ஒன்றும் தேவையில்லை. சாதாரணக் கணக்கு நோட்டே போதும், சாய்த்து வைத்தால்.

சாய்த்து வைத்துப் பார்த்தவுடனே எந்தக் கோடு இதில் சுலபம், எது வராது என்பது தெரிந்துவிடுகிறது. மூலைவாட்டில் போகும் கோடு ஒரே ஒரு வளைய அகலத்தில் இருந்தாலும் அறுபடாமல் போகும், ஏனென்றால் அந்த வளையங்கள் உண்மையிலேயே ஒன்றுக்குள் ஒன்று கோத்த சங்கிலி. படுக்கைக் கோடும் நேராக வரும். ஆனால் அந்த வளையங்களுக்குள் கோப்பு இல்லாததால், மேல் வரிசையும் கீழ் வரிசையும் ஊடே நுழைந்து நிறத்தைக் கொஞ்சம் கலைக்கும், அதனால் இரண்டு வரிசையாவது வேண்டும். நெட்டுக் கோடுதான் சிரமம், நேராக வரவே வராது, அரை வளையம் இடம், அரை வளையம் வலம் என்று நெளியும். மூன்று, நாலு வளைய அகலம் கொடுத்தால் தூரத்திலிருந்து பார்க்கும்போது நெளிவு குறைந்து தெரியும். வளைவுகளுக்குப் பெரிய பரப்பு வேண்டும். 'அ'-வின் சுழி என் வரைபடத்தில் உள்ளே நாலே வளைய அகலம், அது அடைபடாமல் என்ன செய்யும்.

சாய்சதுரம் மட்டும் கேட்காமலேயே வருகிறது. ஒரு வளையம், அடுத்த வரிசையில் இரண்டு, அப்புறம் மூன்று, அப்புறம் நாலு. பிறகு மூன்று, இரண்டு, ஒன்று. நேர்ப்புள்ளியில் இதே உருவத்துக்கு 1, 3, 5 என்று இரண்டிரண்டாகக் கூட்டவேண்டும். இடுக்குப் புள்ளியில் ஒவ்வொன்றாகக் கூட்டினாலே நடு தப்பாது. மொத்த வளையங்கள் எத்தனை என்பதும் மனக்கணக்கு: நடு வரிசையில் 4 என்றால் 16, 9 என்றால் 81. சாய்த்த நோட்டில் அது வெறும் 9-க்கு 9 சதுரம்தானே.

இது தெரிந்த பிறகு பழைய இந்தியக் கவசங்களின் படங்களை எடுத்துப் பார்த்தேன். 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் வட இந்தியாவில் செய்த வளையச் சட்டைகள் சிலவற்றில் இரும்பு, பித்தளை, செம்பு மூன்றையும் கலந்து பின்னியிருக்கிறார்கள். கங்கையும் யமுனையும் இரண்டு நிறமாக வந்து கலப்பதைச் சொல்லும் கங்கா-ஜமுனி என்ற பெயரை இந்தக் கலப்புக்கும் வைத்திருக்கிறார்கள். அந்தச் சட்டைகளில் என்ன உருவம் என்று பார்த்தால், சாய்சதுரம், சாய்சதுரத்துக்குள் சாய்சதுரம், மூலைவாட்டில் மடங்கிப் போகும் கோடு. யானையோ குதிரையோ பூவோ வளையத்தில் கிடையாது. முதலில் பார்த்தபோது, இவ்வளவு பொறுமை உள்ளவர்கள் ஏன் இதோடு நிறுத்திக்கொண்டார்கள் என்று தோன்றியது. இப்போது அப்படித் தோன்றவில்லை. பின்னல் எதைத் தானாகத் தருகிறதோ அதை எடுத்துக்கொண்டு, அதிலேயே கடைசி வரை போயிருக்கிறார்கள். இந்த வகைச் சட்டைகளில் பலவும் ஆணி அறையாமல் முனைகளைச் சேர்த்து மட்டும் மூடிய வளையங்களால் ஆனவை. போரில் குத்துத் தாங்கும் சட்டைக்கு வளையத்தின் முனைகளைத் தட்டையாக்கித் துளையிட்டு ஆணி அடிப்பார்கள். அந்த வேலை இல்லாத இவற்றில் அழகுக்குத்தான் முதலிடம். நான் வீட்டில் செய்வதும் ஆணி அடிக்காத வளையங்கள்தான் என்பதால் இவர்களோடு எனக்கு ஒரு நெருக்கம்.

பின்னலில் உருவம் வேண்டுமென்றால் என்ன செய்திருக்கிறார்கள் என்பதற்கு இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்து ராயல் ஆர்மரீஸ் அருங்காட்சியகத்தில் இருக்கும் யானைக் கவசம் நல்ல உதாரணம். 1600 வாக்கில் வட இந்தியாவில் செய்ததாகச் சொல்லப்படும் அதை, 1798 முதல் 1803 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த எட்வர்ட் கிளைவின் மனைவி ஹென்ரியட்டா 1801-இல் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். இப்போது மிஞ்சியிருக்கும் பகுதிகளில் மட்டும் 5,840 இரும்புத் தகடுகள், எடை 118 கிலோ. தகடுகளை வளையப் பின்னல்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. யானை, தாமரை, பறவை, மீன் எல்லாம் அதில் உண்டு, ஆனால் அவை இடையிடையே வைத்த பெரிய சதுரத் தகடுகளில் புடைப்பாக அடித்தவை. வளையத்தை வளையமாக விட்டுவிட்டு, உருவத்தைத் தகட்டுக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஐரோப்பாவிலும் இதே நிதானம்தான்: 14, 15-ஆம் நூற்றாண்டு இரும்புச் சட்டைகளின் விளிம்பில் சில வரிசை பித்தளை வளையங்கள், சிலவற்றில் விளிம்பே முக்கோணப் பற்களாக முடியும். அந்த முக்கோணமும் வரிசைக்கு ஒன்றாகக் குறைந்து வருவதுதான். புதிதாகச் செய்கிறவர்கள் யாராவது கேட்டால் இதிலிருந்துதான் தொடங்கச் சொல்வேன், விளிம்பில் மூன்று வரிசை பித்தளை.

சரி, உலோகத்துக்கு வருவோம்.

நான் இருப்பது கோயம்புத்தூர். பம்பு மோட்டார் ஊர் என்பதால் செம்புக் கம்பிக்குக் கவலையில்லை, காயில் கட்டும் பட்டறையில் மெல்லிய காப்புப் பூச்சு பூசிய 18 கேஜ் எனாமல் கம்பி, அதாவது 1.22 மில்லிமீட்டர், எடைக்குக் கிடைக்கும். "மோட்டாருக்குங்களாண்ணா?" என்று பட்டறைப் பையன் கேட்டபோது வளையத்துண்டை எடுத்துக் காட்டினேன், அதிலிருந்து மிச்சக் கம்பிகளை எனக்கென்று எடுத்து வைக்கிறார். அலுமினியத்துக்கு நான் பயன்படுத்துவது வெல்டிங்குக்கு வரும் 1.2 மில்லிமீட்டர் கம்பி, 5356 ரகம். வேலிக்குக் கட்டும் மெத்தென்ற அலுமினியக் கம்பியைவிட இது நல்ல விறைப்பு. பித்தளையும் 18 கேஜ்.

கம்பி ஒரே தடிமன் என்றால் வளையமும் ஒரே அளவு வரும் என்று நினைத்தது என் அடுத்த தப்பு. 6 மில்லிமீட்டர் கம்பியின் மேல் மூன்றையும் சுற்றினேன். சுற்றி முடித்துக் கையை எடுத்ததும் சுருள் கொஞ்சம் விரியும். விறைப்பான உலோகம் அதிகமாக விரியும், மெத்தென்றது கொஞ்சமாக. வெர்னியரில் அளந்தால் செம்பு 6.1, பித்தளை 6.3, அலுமினியம் 6.4. ஒரு வளையத்தில் 0.3 மில்லிமீட்டர் என்பது ஒன்றுமே இல்லை. 50 வளையம் வரிசையாக நிற்கும்போது எழுத்துப் பகுதி இழுத்துப் பிடித்து, சுற்றியுள்ள வெள்ளைப் பகுதி சுருக்கம் விழுகிறது, கழுத்து சரியாகத் தைக்காத ஜாக்கெட் மாதிரி. இப்போது உலோகத்துக்கு ஒரு தண்டு வைத்திருக்கிறேன். ட்ரில் பிட்டுகள் 0.1 மில்லிமீட்டர் வித்தியாசத்தில் கிடைப்பதால் அவற்றின் ஷாங்கிலேயே, அதாவது வழவழப்பான தண்டுப் பகுதியிலேயே, சுற்றிப் பார்த்து, மூன்று உலோகமும் 6.1-க்கு வரும்வரை மாற்றினேன். உள் விட்டத்தைக் கம்பித் தடிமனால் வகுத்தால் 5 வருகிறது, இந்தப் பின்னலுக்கு நல்ல எண். அது 3-க்குக் கீழே போனால் நாலு வளையம் நுழைய இடமே இருக்காது. 6, 7 என்று போனால் துணி தொளதொளவென்று ஆகி உருவம் ஒரு இடத்தில் நிற்காது.

எடையையும் வரைபடத்தின் மேல் எழுதிவைப்பது நல்லது. என் அளவு அலுமினிய வளையம் ஒன்று 0.07 கிராம், செம்பு 0.23. மூன்று மடங்குக்கும் மேல். அந்த 'அ'-வில் 700 செம்பு வளையங்கள். எண்ணிக்கையில் ஐந்தில் ஒரு பங்கு கொஞ்சம் கூட, எடையில் கிட்டத்தட்டப் பாதி. நடுவில் ஒரே இடத்தில் குவிந்த எடை கீழே இழுக்காமல் இருக்குமா. கன உலோகத்தைப் பரப்பு முழுக்கச் சமமாகப் பரத்தினால் எல்லா இடமும் ஒரே மாதிரி இறங்கும், இறங்குவது கண்ணுக்குத் தெரியாது. கங்கா-ஜமுனிக்காரர்கள் கலந்த மூன்று உலோகங்களின் எடையில் இவ்வளவு வித்தியாசம் கிடையாது; அந்தச் சௌகரியம் அலுமினியத்தை எடுத்துக்கொண்ட எனக்கு இல்லை.

கழுத்தில், கையில் போட்டுக்கொள்வதற்கு என்றால் அலுமினியத்தையும் செம்பையும் சேர்க்கவேண்டாம் என்பேன். வியர்வை படும் இடத்தில் இரண்டும் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரிக்கும். சுவரில், காய்ந்த இடத்தில் பிரச்சினையில்லை, எனாமல் கம்பி என்றால் இன்னும் நல்லது. பித்தளை ஒரு வருஷத்தில் மங்கும். புளி போட்டுத் துலக்கலாமே என்று அம்மா சொன்னார், பக்கத்திலேயே அலுமினியம் இருப்பதால் நான் விட்டுவிட்டேன், மங்கிய பித்தளை வெள்ளையிலிருந்து இன்னும் நன்றாகப் பிரிந்து தெரிகிறது. ஆக, நிறத்தை முடிவு செய்யும்போது இன்றைய நிறத்தை மட்டும் பார்க்காதீர்கள்.

இன்னொன்று, வளையப் பின்னல் பாதி ஓட்டை. பின்னால் இருக்கும் சுவரின் நிறமும் உருவத்தோடு கலக்கும். அதனால் நிறம் வேறாக இருந்தால் போதாது, ஒன்று வெளிறியும் ஒன்று அடர்ந்தும் இருக்கவேண்டும். ஒரு சின்னத் துண்டைப் பின்னி, போனில் படம் எடுத்து, கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். அதில் உருவம் தெரியவில்லை என்றால் இரண்டு மீட்டர் தள்ளி நின்றாலும் தெரியாது. புது பித்தளையும் அலுமினியமும் இந்தச் சோதனையில் எனக்கு இழுபறியாகத்தான் வந்தன. செம்பு நன்றாக வந்தது.

சாயம் ஏற்றிய அனோடைஸ் அலுமினிய வளையங்களில் நீலம், சிவப்பு, கறுப்பு எல்லாம் கிடைக்கும், எடையும் ஒன்றே, அளவும் ஒன்றே. உருவத்துக்கு இதுதான் வசதி என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நிறம் மேல்தோலில் மட்டும்தான் இருக்கிறது. சாயம் ஏற்றிய பிறகு வெட்டிய வளையமாக இருந்தால் மூடும் இடத்தில் வெள்ளைக் கீற்று தெரியும். ப்ளையர் வழுக்கினால் கீறல் விழும். சில சாயங்கள் வெயிலில் வெளுக்கும். ஆன்லைனில் ஒரு கடையில் நீலம் வாங்கி, பாதியில் தீர்ந்து, அதே கடையில் அதே நீலத்தைத் திரும்ப வாங்கினேன். வந்தது வேறு நீலம். 31-ஆம் வரிசையில் அந்த மாற்றம் இன்றும் கோடு போட்ட மாதிரி தெரிகிறது. வயர்க்கூடை பின்னுகிறவர்கள் இரண்டு நிறத்துக்கும் எத்தனை கட்டு வேண்டும் என்று கணக்குப் பண்ணி ஒரே தடவையில் வாங்குவார்கள். அதேபோல வரைபடத்திலிருந்து நிறவாரியாக எண்ணி, பத்தில் ஒரு பங்கு கூடச் சேர்த்து, மொத்தமாக வாங்கிவிடவேண்டும்.

இப்போது முக்கியமான இடம், தொங்கவிட்டு அளப்பது. இந்தப் பின்னல் ஒரு திசையில் ரப்பர் மாதிரி விரிந்து சுருங்கும். வரிசைகள் படுக்கையாக இருக்கும்படி தொங்கவிட்டால் துணியின் எடையே வளையங்களைப் பக்கவாட்டில் நெருக்கி மூடிவிடும். சட்டை உடம்போடு ஒட்டி நிற்பது இதனால்தான். தொண்ணூறு பாகை திருப்பித் தொங்கவிட்டால் விரிந்து வாய் திறந்து நிற்கும். ஆக, மேசையில் எடுத்த அளவு மேசைக்கு மட்டும்தான். நான் 20 வளையம் அகலம், 20 வரிசை உயரத்துக்கு ஒரு மாதிரித் துண்டு பின்னி, முழு வேலையில் அதற்குக் கீழே எவ்வளவு எடை தொங்குமோ அதில் பாதியைக் கட்டிவிட்டு அளந்தேன். பாதி என்பது நடுப்பகுதிக்கான கணக்கு. மேலே இன்னும் கொஞ்சம் இறுகும், கீழே தளரும். மேசையில் அகலம் 136, உயரம் 104 மில்லிமீட்டராக இருந்த அதே துண்டு தொங்கும்போது 118-க்கு 110. அப்படியென்றால் ஒரு வளையத்துக்கு அகலம் 5.9, ஒரு வரிசைக்கு உயரம் 5.5. இந்த இரண்டு எண்கள் கையில் வந்த பிறகுதான் நோட்டைத் திறக்கிறேன். சதுரக் கட்ட நோட்டில் சதுரமாகத் தெரியும் சாய்சதுரம் சுவரில் உயரம் அகலத்தைப் போல இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவாக, நெட்டையாக நிற்கும். அது பிடிக்கவில்லை என்றால் பின்னலைத் திருப்பித் தொங்கவிடலாம், அல்லது நாலு பக்கமும் சட்டத்தில் இழுத்துக் கட்டலாம். எனக்கு அந்த நெட்டை பிடித்துவிட்டது.

இரண்டாவது வேலைக்கு இப்படித் திட்டம் போட்டேன். சாய்த்த நோட்டில் 12-க்கு 12 கட்டம் ஒரு அலகு. அடுத்தடுத்த இரண்டு பக்கங்களில் இரண்டு கட்ட அகலத்துக்குப் பித்தளை, மீதி 10-க்கு 10 வெள்ளை, அதன் நட்டநடுவில் 4-க்கு 4 செம்பு. அலகுக்கு 144 வளையம்: பித்தளை 44, செம்பு 16, அலுமினியம் 84. இந்த அலகு அகலவாக்கில் 12 வளையத்துக்கு ஒருமுறையும், உயரவாக்கில் 24 வரிசைக்கு ஒருமுறையும் திரும்ப வரும். அதனால் அகலம் 48, உயரம் 72 என்று வைத்துக்கொண்டால் அகலத்தில் நாலு தடவை, உயரத்தில் மூன்று தடவை என்று மிச்சமில்லாமல் முடியும். மொத்தம் 3,456 வளையம், பித்தளை 1,056, செம்பு 384, அலுமினியம் 2,016. எடை 460 கிராம் வரும் என்று போட்டேன், முடித்துத் தராசில் வைத்தபோது 450-க்குச் சற்று மேலே. எடை எல்லா இடத்திலும் சமமாகப் பரவியிருந்ததால் கீழ் விளிம்பு நூல் பிடித்த மாதிரி நேராக நின்றது.

பின்னும்போது வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே பின்னினால் கண் தடுமாறும். நான் வரிசைவாரியாக எழுதி வைத்துக்கொள்கிறேன், நெசவில் கட்டளை எழுதுகிற மாதிரி. செம்பு அகலமாக இருக்கும் வரிசை 'பி2 வெ3 செ4 வெ3', இதையே நாலு தடவை. அடுத்த வரிசை 'பி3 வெ3 செ3 வெ3'. கூட்டினால் எப்போதும் 12 வரவேண்டும். வராவிட்டால் எழுதியதிலேயே தப்பு. ஒவ்வொரு புது வளையமும் மேல் வரிசையின் இரண்டு வளையங்களைக் கோத்துக்கொண்டு வரும். வளையத்தைத் திறக்கும்போது முனைகளை அகலவாக்கில் இழுக்காமல், ஒன்றை முன்னாலும் ஒன்றைப் பின்னாலும் முறுக்கித் திறப்பது, அதேபோல முறுக்கி மூடுவது; வட்டம் கெடாது. ப்ளையர் வாயில் இன்சுலேஷன் டேப் சுற்றினால் எனாமல் உரியாது. ஒரு மணி நேரத்துக்கு எனக்கு 150 வளையம் போகும்.

தப்பு நடந்தால் பயப்படத் தேவையில்லாத கைவேலை இது, எனக்கு இதில் ரொம்பப் பிடித்த குணமும் இதுதான். பின்னல் ஸ்வெட்டரில் இருபது வரிசைக்கு முன்னால் ஒரு தப்பு என்றால் பெரும்பாலும் இருபது வரிசையும் பிரிக்கவேண்டியிருக்கும். இதில் 41-ஆம் வரிசையில் வெள்ளை இருக்கவேண்டிய இடத்தில் செம்பு போட்டிருந்ததை 60-ஆம் வரிசையில்தான் கவனித்தேன். அந்த ஒரு வளையத்தைத் திறந்து எடுத்தேன். சுற்றியிருந்த நாலும் மற்ற வளையங்களின் பிடியில் அப்படியே நின்றன. வெள்ளை வளையத்தை அந்த நாலிலும் நுழைத்து மூடினேன். இரண்டு நிமிஷம்.

எழுத்தை விட்டுவிட்டேனா என்றால், இல்லை. எழுத்துக்கு வேறு பின்னல் வேண்டும் என்று புரிந்தது. ஜப்பானியக் கவசங்களில் வரும் குசாரி என்ற வளையப் பின்னலில் ஒரு வகை உண்டு. வளையங்கள் தட்டையாகப் படுத்திருக்கும், அவற்றைச் சின்ன இணைப்பு வளையங்கள் நெட்டுக்குத்தாக நின்று நாலு பக்கமும் கோக்கும். படுத்திருக்கும் வளையங்கள் நேருக்கு நேர், ஒன்றன்கீழ் ஒன்று. அச்சு நேர்ப்புள்ளி. நெட்டுக் கோடு நெட்டாகவே வரும், நோட்டைச் சாய்க்கவேண்டாம், இழுத்தாலும் விகிதம் மாறாது. படுத்த வளையம் நிறத்தைக் காட்டும், இணைப்பு வளையத்தை எல்லா இடத்திலும் வெள்ளையாக வைத்தால் போதும். இணைப்புகள் கூடுதலாகத் தேவைப்படுவதால் வளையக் கணக்கு கிட்டத்தட்ட மூன்று மடங்காகும், அதைத் தாங்கிக்கொள்ளலாம்.

சாய்சதுரத் தொங்கல் இப்போது அக்கா வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. அக்கா மகள் அதில் விரலை வைத்து, செம்பு வளையங்களை "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, மூணு, ரெண்டு, ஒண்ணு" என்று இறங்குகிறாள். பழைய 'அ'-விலிருந்து பிரித்த செம்பு வளையங்களில் 384 அதற்குள் போய்விட்டது, மீதி முந்நூறு சொச்சம் ஒரு எவர்சில்வர் டப்பாவில் இருக்கிறது. 31-க்கு 31 நேர்ப்புள்ளியில் 'அ' வரைந்து அம்மாவிடம் காட்டியிருக்கிறேன், சுழிக்குள் ஏழு புள்ளி இடம் விட்டிருக்கிறேன். சுழியின் கழுத்தில் ஒரு புள்ளியைத் தள்ளிப் போடச் சொன்னார். தள்ளிப் போட்டுவிட்டு இந்த வாரம் தொடங்குகிறேன், அவள் இப்போது 'ஈ' வரை வந்துவிட்டாள்.